அண்மை அகச்சிவப்பு எல்இடிக்கு நல்ல பாஸ்பர் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளறிவியல் படிக்கும் மாணவர்களும் ஒளிக்கருவி செய்யும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான பதில்களுக்கு ஒரே பொருளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்: குரோமியம் கலந்த கால்சியம் ஸ்காண்டியம் சிலிகேட். இந்தத் துறை இதுவரை சாதித்ததும் இன்னும் தாண்ட முடியாமல் நிற்பதும் இந்த ஒரு பச்சைப் பொடிக்குள்ளேயே தெரியும்.

பாஸ்பர் என்றால் பாஸ்பரஸா?

இல்லை. பாஸ்பரஸ் ஒரு தனிமம். பாஸ்பர் என்பது ஒரு நிற ஒளியை விழுங்கி வேறு நிற ஒளியாக உமிழும் பொருள். அதில் பாஸ்பரஸ் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலுள்ள வெள்ளை எல்இடி விளக்கைக் கழற்றிப் பார்த்தால் மஞ்சள் பொட்டுகள் தெரியும். அந்த மஞ்சள்தான் பாஸ்பர். அடியில் இருக்கும் சிப் நீல ஒளியை மட்டுமே தருகிறது. பொடி அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது, மிச்ச நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. அந்த மஞ்சள் பொடியை எடுத்துவிட்டு, நீலத்தை அகச்சிவப்பாக மாற்றும் பொடியை வைத்தால் அதுதான் நாம் பேசும் ஒளிமூலம். சிப், பேக்கேஜ், மின்சுற்று எல்லாம் சந்தையில் ஏற்கனவே இருப்பவை. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது பொடி ஒன்றுதான்.

அண்மை அகச்சிவப்பு எந்தப் பகுதி? அதனால் என்ன பயன்?

சிவப்பு முடியும் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் தொடங்கி 2500 வரை நீள்வது அண்மை அகச்சிவப்பு. இங்கே நான் 700 முதல் 1100 வரை மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் மலிவான சிலிக்கான் உணரிகள் பார்க்கக்கூடிய எல்லை அதுதான். அதற்கு மேலே போனால் இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரி வேண்டும். விலை எகிறிவிடும்.

பயன் என்னவென்றால், பொருள்களின் மூலக்கூறுகள் இந்தப் பகுதியில் தங்கள் அடையாளத்தைக் காட்டிவிடுகின்றன. தண்ணீர் 970 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும். சர்க்கரையிலும் எண்ணெயிலும் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 900 முதல் 930 வரையிலான பகுதியில் தன் தடத்தைப் பதிக்கும். ஆக்சிஜன் இழந்த ரத்தம் 760 அருகே கூடுதலாக விழுங்கும். 800 பக்கம் வந்தால் ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் ஏறக்குறைய ஒன்றுபோல நடந்துகொள்ளும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் மூளையின் ஆக்சிஜன் நிலையை மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே அளக்கலாம் என்று 1977-இல் பிரான்ஸ் ஜோப்சிஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். தானியத்தின் ஈரத்தையும் புரதத்தையும் இந்த ஒளியால் அளக்கும் வழியை அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்ல் நாரிஸ் அதற்கு முன்பே திறந்துவிட்டார். அறுக்காமலே மாம்பழத்தின் இனிப்பைச் சொல்லும் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

டிவி ரிமோட்டிலேயே அகச்சிவப்பு எல்இடி இருக்கிறதே, அது போதாதா?

ரிமோட்டுக்குப் போதும், பழத்துக்குப் போதாது. ரிமோட் எல்இடி 940 நானோமீட்டரைச் சுற்றி ஒரு குறுகிய பட்டையை மட்டும் தரும். அதன் அகலம் பொதுவாக 50 நானோமீட்டருக்கு உள்ளேதான். நிறமாலை எடுக்க வேண்டுமானால் 700-லிருந்து 1000 வரை இடைவெளியில்லாத ஒளி வேண்டும். ஆறேழு சிப்களை அடுக்கி அகலத்தைக் கூட்டலாம். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் மங்கும், சூடாகும்போது ஒவ்வொன்றின் அலைநீளமும் வெவ்வேறு அளவில் நகரும். நேற்று அளவுதிருத்தம் செய்த கருவி இன்று வேறு கணக்கு சொல்லும்.

ஆய்வகங்களில் இத்தனை காலம் இந்த வேலையைச் செய்தது டங்ஸ்டன் ஹாலஜன் விளக்கு. அதன் நிறமாலை அருமையானது, அதை மறுக்க முடியாது. ஆனால் சூடு, பருமன், மின்செலவு, குறைந்த ஆயுள் எல்லாம் சேர்ந்துகொள்வதால் கைக்கருவிக்குள் அதை அடக்குவது கடினம்.

2016-இல் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனம் நீல சிப்பின்மேல் பாஸ்பர் வைத்து 650 முதல் 1050 நானோமீட்டர் வரை ஒளிரும் எல்இடியை வெளியிட்டது. 350 மில்லிஆம்பியரில் 16 மில்லிவாட் அகச்சிவப்பு கிடைத்தது. பாதையைத் திறந்துவிட்ட பொருள் அது. ஆனால் அந்த மின்னோட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு வாட் மின்சாரம் செலவாகும் என்பதை நினைத்தால், பாஸ்பரில் எவ்வளவு வேலை மீதி இருந்தது என்பது புரியும்.

எல்லாரும் ஏன் குரோமியத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

மாணிக்கமும் மரகதமும் இதற்குப் பதில் சொல்லும். மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடு. மரகதம் பெரிலியம் அலுமினியம் சிலிகேட். இரண்டுமே தூய்மையாக இருந்தால் நிறமற்றவை. இரண்டிலும் அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் குரோமியம் போய் உட்காரும்போது, ஒன்று சிவக்கிறது, மற்றொன்று பச்சையாகிறது. அதே குரோமியம், அதே 3+ மின்சுமை. மாறுவது அதைச் சுற்றி நிற்கும் ஆறு ஆக்சிஜன்களின் நெருக்கம் மட்டுமே.

இந்த நெருக்கம்தான் படிகப்புலம். ஆக்சிஜன்கள் இறுக்கமாக நெருங்கினால் புலம் வலிமையாக இருக்கும், குரோமியம் கூர்மையான ஒரு கோடாக ஒளிரும். மாணிக்கத்தின் 694 நானோமீட்டர் கோடு அப்படிப்பட்டது. 1960-இல் மெய்மன் இயக்கிய முதல் லேசர் அந்தக் கோட்டில்தான் ஒளிர்ந்தது. ஆக்சிஜன்கள் சற்று விலகினால் புலம் தளரும். அப்போது ஒளிர்வு வேறு ஆற்றல் நிலையிலிருந்து வரும், கோடு போய் அகலமான பட்டை வரும், பட்டை நீள அலைநீளத்தின் பக்கம் நகரும். எந்த வலிமையில் இந்த மாற்றம் நடக்கும் என்பதை ஜப்பானின் தனபே, சுகானோ இருவரும் 1954-இல் வரைபடமாகவே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எழுபது ஆண்டு கழிந்தும் நாங்கள் தினமும் எடுத்துப் பார்க்கும் படம் அது.

ஆக, குரோமியம் நீல ஒளியை விழுங்கும், அகச்சிவப்பில் அகலமாக ஒளிரும், ஒளிரும் அலைநீளத்தைத் தாய்ப்படிகத்தை, அதாவது குரோமியம் உட்காரும் படிகத்தை, மாற்றியே நகர்த்தலாம். இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த அயனிகள் மிகக் குறைவு. யூரோப்பியம் 2+ அயனியையும் அகச்சிவப்புக்கு இழுத்துவந்திருக்கிறார்கள். அதற்கு ஏற்ற படிகங்கள் இன்னும் ஒரு கைப்பிடி அளவில்தான் இருக்கின்றன.

தாய்ப்படிகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

குரோமியம் உட்காரும் இருக்கை அளவாக இருக்க வேண்டும். குரோமியத்தின் அயனி ஆரம் 0.615 ஆங்ஸ்ட்ராம் (ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்). அலுமினியத்தின் இடம் 0.535, அது இறுக்கம். காலியத்தின் இடம் 0.62, ஏறக்குறைய பொருத்தம். ஸ்காண்டியத்தின் இடம் 0.745, அங்கே குரோமியம் தளர்வாக உட்காரும். படிகப்புலம் தளரும், ஒளி அகலமாகும்.

கால்சியம் ஸ்காண்டியம் சிலிகேட் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்தது. நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகமும் அதே குடும்பம்தான். கோமேதகத்தில் அலுமினியம் இருக்கும் இடத்தில் இங்கே ஸ்காண்டியம் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. குரோமியம் அந்த ஸ்காண்டியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு 780 நானோமீட்டர் அருகே உச்சம் வைத்து ஒளிர்கிறது.

இன்னும் அகலம் வேண்டுமென்றால் லாந்தனம் காலியம் ஜெர்மனேட் போன்ற படிகங்கள் உண்டு. அவற்றில் குரோமியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருக்கை கிடைப்பதால் பட்டை மிக அகலமாகிறது. ஆனால் அந்த அகலத்துக்கு வெப்பத்தில் விலை கொடுக்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

"92 சதவீதத் திறன்" என்று போடுகிறார்கள். அப்புறம் இன்னும் என்ன மேம்படுத்த வேண்டியிருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

திறன் என்று சொல்லும் எண்கள் இரண்டு. விழுங்கிய நூறு ஃபோட்டான்களுக்கு (ஒளித்துகள்களுக்கு) எத்தனை ஃபோட்டான்களை உமிழ்கிறது என்பது அகக் குவாண்டம் திறன். மேலே வந்து விழுந்த நூறு ஃபோட்டான்களுக்கு எத்தனையை உமிழ்கிறது என்பது புறக் குவாண்டம் திறன். நம் கால்சியம் ஸ்காண்டியம் சிலிகேட்டை நன்றாகச் செய்தால் அகத் திறன் 92 சதவீதம் வரை வருகிறது. அதே பொடியின் புறத் திறன் 25 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். விழுந்த நூறில் வெறும் 27 அல்லது 28 ஃபோட்டான்களைத்தான் அது விழுங்கியிருக்கிறது. மற்றவை சிதறியோ ஊடுருவியோ வெளியேறிவிட்டன. சாப்பிட்டதைச் செரிப்பதில் குறையே இல்லாத பிள்ளை, சாப்பிடத்தான் மாட்டேன் என்கிறது.

காரணம் குரோமியத்தின் இயல்பிலேயே இருக்கிறது. நீலத்தை விழுங்கும்போது அதன் எலக்ட்ரான் ஒரு டி ஆர்பிட்டாலிலிருந்து (ஆர்பிட்டால் என்பது அணுவுக்குள் எலக்ட்ரான் தங்கும் இடம்) இன்னொரு டி ஆர்பிட்டாலுக்குத் தாவ வேண்டும். ஆறு ஆக்சிஜன்கள் சமச்சீராகச் சூழ்ந்த எண்முகிக்குள் அந்தத் தாவல் விதிப்படி தடைசெய்யப்பட்டது. அணுக்களின் அதிர்வும் சிறு கோணல்களும் அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்துவதால்தான் ஓரளவாவது நடக்கிறது. வெள்ளை எல்இடியின் மஞ்சள் பொடியில் ஒளிரும் சீரியத்துக்கு இந்தத் தடை கிடையாது. அதனால் அது நீலத்தைத் தாராளமாகக் குடிக்கிறது.

அகத் திறனை 92-லிருந்து 95 ஆக்கியதாக அறிவிக்கும் வேலைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். மீதி இருந்த எட்டில் மூன்றை மீட்டிருக்கிறார்கள். வாசலிலேயே நழுவிப்போன எழுபத்திரண்டைப் பற்றிப் பேச்சே இருக்காது. அகத் திறனை மட்டும் கொடுத்துவிட்டுப் புறத் திறனைச் சொல்லாத கட்டுரை கைக்கு வந்தால், முதலில் விழுங்கல் எவ்வளவு என்று கேளுங்கள்.

சரி, விழுங்கலைக் கூட்ட என்ன வழி?

முதலில் யாருக்கும் தோன்றுவது, குரோமியத்தை அதிகம் போடுவது. ஓர் அளவு வரை பலிக்கும். அதைத் தாண்டினால் குரோமிய அயனிகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். ஒன்று விழுங்கிய ஆற்றல் பக்கத்து அயனிக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததற்கு, கடைசியில் எங்கேயோ உள்ள ஒரு படிகக் குறையில் விழுந்து வெப்பமாகிவிடும். இதைச் செறிவுத் தணிப்பு என்கிறோம். குறைகளே இல்லாத படிகமாக இருந்தால் ஆற்றல் எவ்வளவு தாவினாலும் கவலையில்லை. அதனால் இங்கே உண்மையான வேலை குரோமியத்தைக் கூட்டுவதைவிட, கூடுதல் குரோமியத்தைத் தாங்கும் அளவுக்குப் படிகத்தைச் சுத்தமாக்குவதுதான்.

அடுத்தது பொடியின் பருமன். துகள் சின்னதாக இருந்தால் ஒளி உள்ளே போவதற்கு முன்பே சிதறிவிடும், மேற்பரப்புக் குறைகளும் அதிகம். துகளைப் பெரிதாக வளர்க்க இளக்கி சேர்க்கிறோம். போரிக் அமிலம், லித்தியம் கார்பனேட், சில புளோரைடுகள் அந்த வேலையைச் செய்யும். சிறிதளவு இளக்கி உலையில் உருகித் துகள்களை நனைத்து, விளிம்புகள் தெளிந்த நல்ல படிகங்களாக வளரவைக்கும். மலிவான வழி. பலனோ பெரியது.

சீரியத்தைச் சேர்த்து, அது குடிக்கும் நீலத்தைக் குரோமியத்துக்குக் கைமாற்றும் வழியும் உண்டு. கேட்க அழகாக இருக்கும். நம் எடுத்துக்காட்டில் ஒரு சிக்கல். இந்தப் படிகத்தில் சீரியம் 505 நானோமீட்டர் அருகே பச்சையாக ஒளிரும். குரோமியம் விழுங்கும் இரண்டு பட்டைகள் 460, 640 பக்கங்களில் இருக்கின்றன. சீரியத்தின் ஒளியில் பெரும்பகுதி அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழுவதால் கைமாற்றம் முழுமையாக நடக்காது. கொஞ்சம் பச்சை வெளியே கசியும்.

எனக்கு அதிக நம்பிக்கை தரும் வழி, பொடியை விட்டுவிட்டு ஒளி ஊடுருவும் பீங்கான் தகடாகச் செய்வது. தகடு தடிமனாக இருப்பதால் நீலம் நெடுந்தூரம் உள்ளே பயணிக்கும், போகும் வழியெல்லாம் விழுங்கப்படும். பொடியைச் சிப்பின்மேல் பிடித்துவைக்கும் சிலிக்கோன் பசையைவிடப் பீங்கான் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். எல்இடிக்குப் பதிலாக நீல லேசரையே மேலே பாய்ச்சினாலும் தாங்கும்.

பச்சையாக வர வேண்டிய என் பொடி பழுப்பேறி மஞ்சளாக வருகிறது. ஏன்?

குரோமியம் 3+ நிலையில் நிற்காமல் 4+ அல்லது 6+ ஆகியிருக்கும். காற்றில் சுட்டால் இது நடக்கும், அதுவும் கால்சியம் போன்ற காரமண் உலோகங்கள் உள்ள படிகங்களில் எளிதாக நடக்கும். 4+ குரோமியம், நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்த சிலிக்கானின் நான்முகி இடத்துக்குள் நுழைந்துகொண்டு, 3+ உமிழும் அகச்சிவப்பையே விழுங்கிவிடும். வீட்டுக்குள்ளேயே திருடன் இருப்பது மாதிரி. 6+ மஞ்சள் நிறக் குரோமேட். அது நச்சு, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நான் தொடக்கத்தில் இரண்டு மாதம் இதில் வீணாக்கினேன். எடையில் தவறு, கல்வத்தில் அரைத்தது போதவில்லை, உலையின் வெப்பமானி பொய் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். உண்மையான குற்றவாளி காற்று. மூசையை (பொடியைச் சுடும் கிண்ணத்தை) இன்னொரு பெரிய மூசைக்குள் வைத்து, சுற்றிலும் கரித்தூள் நிரப்பி, மூடிபோட்டுச் சுட்டதும் மறுநாள் காலை பச்சைப் பொடி வந்தது. கரி எரிந்து தரும் கார்பன் மோனாக்சைடு குரோமியத்தை 3+ நிலையிலேயே பிடித்துவைக்கிறது. உலை இருக்கும் அறையில் காற்றோட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம்.

சூடானால் ஒளி ஏன் மங்குகிறது?

எல்இடி வேலை செய்யும்போது பாஸ்பர் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடேறலாம். அதனால் இந்தத் துறையில் எல்லோரும் அந்த வெப்பநிலையில் எவ்வளவு ஒளி மிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். கிளர்ந்த நிலையிலிருக்கும் குரோமியத்தைச் சுற்றி அணுக்கள் பலமாக அதிர்ந்தால், ஆற்றல் ஒளியாக வெளிவராமல் அதிர்வு வழியாகவே கீழே இறங்கிவிடும். ஒளிரும் அலைநீளம் நீள நீள, மேல் நிலைக்கும் கீழ் நிலைக்கும் உள்ள இடைவெளி குறைகிறது, இந்தக் குறுக்குவழியும் எளிதாகிறது. அகலமான பட்டையைக் கேட்டால் வெப்பத்தில் விலை கொடுக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

கார்னெட் இதில் கெட்டிக்காரன். அதன் கட்டமைப்பு விறைப்பானது, அணுக்கள் எளிதில் ஆடாது. நல்ல கால்சியம் ஸ்காண்டியம் சிலிகேட் 150 டிகிரியில் அறைவெப்ப ஒளியில் 97 சதவீதம் வரை தக்கவைக்கிறது. அகலம் சற்றுக் குறைவுதான், ஆனால் நாள் முழுக்க ஓடும் கருவிக்கு நான் இதையே எடுப்பேன்.

நீலத்தை அகச்சிவப்பாக்குவதில் ஆற்றல் வீணாகிறதே, சிவப்பு சிப் வைத்தால் என்ன?

வீணாவது உண்மை. ஒரு 450 நானோமீட்டர் ஃபோட்டானைக் கொடுத்து ஒரு 780 நானோமீட்டர் ஃபோட்டானை வாங்கினால், கொடுத்த ஆற்றலில் சுமார் 58 சதவீதம்தான் திரும்பி வரும். மிச்சம் வெப்பம். எந்தப் பாஸ்பராலும் இதைத் தவிர்க்க முடியாது. குரோமியம் சிவப்பையும் விழுங்கும் என்பதால் சிவப்பு சிப் வைத்தால் இந்த இழப்பு குறையும். ஆனால் நீல சிப் அளவுக்குத் திறமையும் சூட்டைத் தாங்கும் உறுதியும் சிவப்பு சிப்புக்கு இல்லை. சிப்பின் சிவப்பு வால் பாஸ்பரின் அகச்சிவப்பு தொடங்கும் இடத்தில் கலந்துவிடுவதால் வடிகட்டுவதும் தலைவலி.

1000 நானோமீட்டருக்கு அப்பால் ஒளி வேண்டும். வழி உண்டா?

குரோமியத்தோடு யிட்டர்பியம் சேர்த்தால் 980 முதல் 1030 வரை நிரப்பலாம். குரோமியம் விழுங்கி யிட்டர்பியத்துக்குக் கொடுக்கும், வெப்பத் தாங்கும் சக்தியும் பல படிகங்களில் கூடும். 1200-க்கு மேலே போக நிக்கல் 2+ அயனியை நாடுகிறார்கள். அங்கே விழுங்கல் சிக்கல் இன்னும் கடுமை.

ஸ்காண்டியம் விலை உயர்ந்ததாயிற்றே?

ஆமாம், இந்தப் பொருளின் உண்மையான பலவீனம் இதுதான். காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு 2023 ஆகஸ்டு முதல் சீனா உரிமம் கேட்கத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் ஸ்காண்டியம், யிட்ரியம், கடோலினியம், லுட்டீசியம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அகச்சிவப்புப் பாஸ்பர் செய்கிறவர்கள் விரும்பும் தனிமங்களில் பாதி இதிலேயே வந்துவிட்டன.

அதனால் மெக்னீசியம் போன்ற எளிதில் கிடைக்கும் தனிமங்களின் ஆக்சைடுகளில் குரோமியத்தை உட்காரவைக்கும் வேலை இன்று சூடுபிடித்திருக்கிறது. 2+ மின்சுமை கொண்ட மெக்னீசியத்தின் இடத்தில் 3+ குரோமியம் உட்காரும்போது கணக்கு இடிக்கும். அதை ஈடுகட்டப் படிகத்தில் வெற்றிடங்கள் உண்டாகும். அந்த வெற்றிடங்கள் ஒளியைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் செய்பவரின் கைத்திறன் தெரியும்.

கண்ணுக்கு ஆபத்தா?

அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமை தானாக மூடாது. மாற்றப்படாமல் மிஞ்சும் நீலமும் கூடவே வரும். புறத் திறன் குறைந்த பாஸ்பரில் இந்த நீலம் நிறையவே இருக்கும். எரியும் எல்இடியைக் கிட்டத்தில் உற்றுப் பார்க்காதீர்கள், நீலத்தைத் தடுக்கும் வடிகட்டியை முன்னால் வையுங்கள்.

என் எல்இடி அகச்சிவப்பைத் தருகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். கைபேசியின் பின் கேமராவில் பெரும்பாலும் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும். முன் கேமராவை முயன்று பாருங்கள். முதலில் டிவி ரிமோட்டை அதன்முன் அழுத்துங்கள். வெளிர் ஊதாப் புள்ளி தெரிந்தால் அந்தக் கேமரா அகச்சிவப்பைப் பார்க்கிறது. பிறகு எல்இடிக்கு முன்னால் நீலத்தைத் தடுக்கும் வடிகட்டியை வைத்து, அறையை இருட்டாக்கி, ஒளியை உங்கள் முன்கையின் உட்புறத்தில் பாய்ச்சுங்கள். கண்ணுக்கு மங்கலான சிவப்புதான் தெரியும். வடிகட்டி நீக்கப்பட்ட பழைய வெப்கேம் ஒன்று இருந்தால் அதன் வழியாகப் பாருங்கள். தோல் வெளுத்துத் தெரியும், அதனடியில் ஓடும் ரத்த நாளங்கள் கருங்கோடுகளாகத் தெரியும்.